ஏறினால் நாராயணசாமி, இறங்கினால் பெரியநாயகி

கச்சிராயபாளையத்துக்குத் தெற்கே இருந்த அந்தக் கிணற்றில் பாதி நாராயணசாமியுடையது. மீதிப் பாதி சின்னசேலத்தில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்ட ஒரு வாத்தியாருடையது. வாத்தியாரின் நிலத்தைக் குத்தகைக்கு ஓட்டியவள் பெரியநாயகி. கிணறு ஒன்று, மோட்டார் ஒன்று. மோட்டார் கொட்டகைக்குச் சாவி மட்டும் இரண்டு.

நல்ல வருஷத்தில் தண்ணீர் இருவருக்கும் போதும். 2018 நல்ல வருஷம் இல்லை. மேகம் கல்வராயன் மலைமேல் வந்து உட்காரும், சாயங்காலம் எழுந்து போய்விடும். ஒரு வாரம் ஊறிய தண்ணீரை ஒருவர் இறைத்தால் அடுத்தவருக்குச் சேறுதான் மிச்சம்.

முதலில் வாரம் மாற்றி வாரம் என்று முறை வைத்தார்கள். அது ஆனி மாசத்தைத் தாண்டவில்லை. நாராயணசாமியின் வாரத்தில் மோட்டார் கருகியது. பெரியநாயகியின் வாரத்தில் டிரான்ஸ்பார்மர் வெடித்தது. போன வாரத்துக்கு ஈடு இந்த வாரமா, அடுத்த வாரமா என்று சண்டை. வாத்தியார் போனில் சொன்னார்: "கோயில்ல பூப்போட்டுப் பாத்துக்குங்க."

மாரியம்மன் முன்னால் இரண்டு பொட்டலம் வைத்து ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வது வழக்கம். வெள்ளைப் பூ வந்தால் நாராயணசாமிக்கு, சிவப்பு வந்தால் பெரியநாயகிக்கு. தொடர்ந்து வெள்ளையே வந்தது. ஒரு தடவை குழந்தை எடுத்து முடித்ததும் பெரியநாயகி குனிந்து மற்ற பொட்டலத்தையும் பிரித்தாள். அதிலும் வெள்ளை அரளி. பூசாரி நாராயணசாமியின் மனைவி ஆண்டாளுக்குச் சித்தப்பா முறை. நாராயணசாமி தனக்கு ஒன்றும் தெரியாது என்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார். உண்மையாகவே தெரியாமல்கூட இருந்திருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு கோயில் தீர்ப்பு செல்லுபடியாகவில்லை.

பேருந்து நிலையத்தை ஒட்டிய குஞ்சம்மாள் டீக்கடையில்தான் அடுத்த பஞ்சாயத்து. யாரும் கை வைக்க முடியாத ஒன்று வேண்டும் என்றார்கள். லாட்டரி நம்பர் என்றான் மினி பஸ் ஓட்டும் பச்சமுத்து. போலீஸ் வரும் என்றாள் குஞ்சம்மாள். தங்கம் விலை என்றார் ஒருவர். கள்ளக்குறிச்சியில் கடைக்குக் கடை ஒரு விலை சொல்கிறான் என்றார் இன்னொருவர்.

பக்கத்தில் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருந்த சின்னராசு அப்போதுதான் வாயைத் திறந்தான். பேங்க் பரீட்சை எழுதி எழுதித் தோற்றவன். பரீட்சை போய்விட்டது, படித்தது போகவில்லை.

"வெள்ளிக்கிழம சாய்ந்தரம் ஆனா ரிசர்வ் பேங்க் ஒரு கணக்கு வுடும்ங்க. நாட்டுகிட்ட வெளிநாட்டுப் பணம் எவ்ளோ கையிருப்பு கீதுன்னு. வாராவாரம் வரும். போன வாரத்தவிட ஏறும், இல்ல எறங்கும். அத்த வச்சிக்கலாம். கலெக்டராலயே அதுல கை வைக்க முடியாது."

"வெளிநாட்டுப் பணம் நமக்கு இன்னாத்துக்கு?" என்றார் நாராயணசாமி.

"பெட்ரோலு வாங்கணும், செல்போன் வாங்கணும். வெளிய வாங்குறதுக்கு டாலர் வேணும்ங்க. தொண்ணூத்தி ஒண்ணுல கையில இருந்தது ரெண்டு மூணு வாரத்துக்குக்கூட காணாது. இருந்த தங்கத்த பிளேன்ல ஏத்தி வெளிநாட்டுல அடகு வச்சாங்க."

"கவருமெண்டே வச்சிச்சா?"

"ஆமாங்க."

நாராயணசாமிக்கு அந்தச் செய்தி பிடித்துப்போனது. "அதே வருசந்தான் நான் ஆண்டாளு செயின வச்சேன். இன்னிக்கி வரைக்கும் சொல்லிக் காட்டிக்கினே கீறா. இரு, வூட்டுக்குப் போய்ச் சொல்றேன்."

"அப்புறம் இன்னா ஆச்சு?" என்று பெரியநாயகி கேட்டாள்.

சின்னராசுக்கு உற்சாகம் வந்துவிட்டது. பெஞ்சில் ஒரு காலை வைத்து நின்றுகொண்டான். தொண்ணூற்றி ஒன்றில் கையிருப்பு ஒரே ஒரு பில்லியன், அதாவது நூறு கோடி டாலருக்கு விழுந்தது. அது பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் நூறைத் தொட்டது. பிறகு நாலைந்து வருஷத்துக்குள் முந்நூறு. போன வருஷம் நானூறைத் தாண்டிவிட்டது. கையை முழங்காலில் இருந்து தோள்வரை, தோளிலிருந்து தலைக்குமேல் என்று ஏற்றிக்கொண்டே போனான். டீ குடித்தவர்களின் கண்ணும் கையோடு ஏறியது. அங்கே இருந்த யாரும் ஒரு டாலரைக்கூட நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் ஏதோ தாங்களே சேர்த்து வைத்த மாதிரி எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

கை இறங்குவதற்குள் நாராயணசாமி சொன்னார்: "ஏத்தம் எனக்கு."

இத்தனை வருஷமாக ஏறிக்கொண்டே இருப்பது அடுத்த வாரம் மட்டும் எதற்கு இறங்கப் போகிறது? அவர் கணக்கு அதுதான். பெரியநாயகிக்கும் அது புரிந்தது. ஆனால் மிச்சம் இருந்தது இறக்கம் மட்டுந்தான்.

"சரி, எறக்கம் எனக்கு," என்றாள்.

அவளுக்கு வேறு வழி இல்லை. ஆடி பிறந்ததும் சின்ன வெங்காயம் ஊன்றியிருந்தாள். வாத்தியார் தெளிவாகச் சொல்லியிருந்தார்: இந்த வெங்காயத்தை ஒழுங்காக எடுத்தால் அஞ்சு வருஷத்துக்கு அவள் பேரிலேயே குத்தகை எழுதித் தருவார், காய விட்டால் நிலம் நாராயணசாமிக்கு. நாராயணசாமி ஏற்கெனவே கேட்டு வைத்திருந்தார். அந்த நிலமும் வந்துவிட்டால் கிணறு முழுசாக அவருடையது. பிறகு பெரியநாயகி அவருடைய கரும்புக் கொல்லையில் கூலிக்குக் காய்ந்த சோகை உரிக்கப் போக வேண்டியதுதான்.

முதல் வெள்ளிக்கிழமை சின்னராசு போனைப் பார்த்துப் படித்தான். இறங்கியிருந்தது.

அடுத்த வெள்ளி துளியூண்டு ஏறியது. நாராயணசாமி கரும்புக்குத் தண்ணீர் விட்டுவிட்டு, பச்சமுத்துவின் மினி பஸ்ஸில் வந்தவர்களுக்கெல்லாம் தான் நாட்டுப் பக்கம் என்று சொன்னார். அதற்கடுத்த வெள்ளி இறங்கியது. அதற்கடுத்ததும் இறங்கியது. நாலு மாசமாகவே அது இறங்குமுகத்தில்தான் இருக்கிறது என்பதைச் சின்னராசு அப்போதுதான் கவனித்தான். நானூற்று இருபத்தாறு வரை போயிருந்தது நானூற்று ஐந்துக்கு வந்து, நாலு, ரெண்டு என்று கரைந்துகொண்டிருந்தது. பரீட்சைக்குப் படித்தவனுக்குப் பழைய வருஷங்கள் தெரிந்திருந்தன, நடப்பு வருஷம் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை ஐந்து மணி என்றால் டீக்கடையில் பெஞ்சு போதாது. கரும்பு லாரிக்காரன் வண்டியை ஓரம் கட்டிவிட்டு வந்து நிற்பான். மலையிலிருந்து கடுக்காய் மூட்டையோடு இறங்கியவர்கள், கடைசி பஸ்ஸைப் பற்றிய கவலை இல்லாமல், "இன்னா ஆச்சு, நானூறுல நிக்குதா?" என்பார்கள். குஞ்சம்மாள் கூடுதலாக ஒரு பால் கேன் வாங்கினாள். ரூபாய், கச்சா எண்ணெய், அமெரிக்க வட்டி என்று ஆளுக்கு ஒன்று பேசினார்கள். பாதிக்குமேல் தப்பு. ஆனால் சத்தம் குறையவில்லை.

நாராயணசாமிக்குத்தான் நாட்டுக் கவலை பிடித்துக்கொண்டது. பைக்கை எடுக்கும் மருமகனை நிறுத்தி, "பெட்ரோல எரிச்சி எரிச்சித்தான் டாலரு போவுது. நடந்து போனா கால் தேஞ்சிடுமா?" என்றார். புதுப் போன் வாங்கியவனைத் தேசத் துரோகி என்றார். எதிரில் பெரியநாயகியைப் பார்த்தால் குரலைக் கூட்டுவார்.

"இந்தியாவுல நூத்தி முப்பது கோடிப் பேரு கீறான். ஒரே ஒருத்தி மட்டும் நாடு எறங்கணும்னு வேண்டிக்கினு கீறா."

பெரியநாயகி டீயை ஊதிக்கொண்டே சொன்னாள்: "நாட்டுக்கு நானூறு கீது அண்ணே. எனக்கு அரைக் கெணறுதான்."

"பேச்சப் பாரு."

"நீ வெள்ளப்பூ கேட்டு வேண்டிக்கினப்ப நான் ஏதாச்சும் சொன்னேனா?"

சிரிப்பு எழுந்தது. ஆனால் அவளுக்கு அது உறுத்தாமல் இல்லை. ஒருநாள் தனியாக வந்து சின்னராசுவிடம் கேட்டாள். "தம்பி, இது எறங்கிக்கினே போனா மறுபடி நகைய அடகு வப்பாங்களா?"

"அதுக்கெல்லாம் ரொம்ப தூரம் கீதுக்கா. இப்ப பத்து மாசத்துக்கு மேல தாங்கும்."

"எனக்கு ஆவணி முடிய தாங்குனா போதும்."

அவள் அதற்குமேல் அதைப் பற்றி யோசிக்கவில்லை. வெங்காயம் அவளை யோசிக்க விடவில்லை. டிவியில் கேரளா முழுகிக்கொண்டிருந்தது. இங்கே மண் வெடித்திருந்தது. வெங்காயத் தாள் தடித்து, அடியில் காய் திரளும் நேரம். ஆவணிக் கடைசியில் ஒரு தண்ணீர் தேவை. அதற்கு ரெண்டு வாரம் முன்னால் கையிருப்பு திடீரென்று ஏறி, நாராயணசாமி கிணற்றை வழித்து எடுத்திருந்தார். அடுத்த வாரம் பெரியநாயகிக்கு வந்தது. ஆனால் தண்ணீர் போதாமல் காற்றை இழுத்த மோட்டார் பாதிக் கொல்லைக்குத்தான் இறைத்தது. மீதிப் பாதியில் தாள் நுனி மஞ்சளாகியிருந்தது. இந்த வெள்ளிக்கிழமை தவறினால் காய் பெருக்காது. பெருக்காத வெங்காயத்தைக் காட்டினால் வாத்தியார் எழுதித் தர மாட்டார்.

அந்த வாரம் கையிருப்பு நானூறுக்கு ஒரு முடி மேலே நின்றது. நானூறு உடையுமா, உடையாதா என்பதுதான் ஊர்ப் பேச்சு.

ஐந்து மணிக்கு முன்பே கூட்டம் சாலைவரை நின்றது. பச்சமுத்து ட்ரிப்பை ரத்து செய்துவிட்டான். ஏறி உட்கார்ந்திருந்த பயணிகளும் இறங்கி வந்துவிட்டார்கள். நாராயணசாமி வெள்ளை வேட்டியில் வந்தார். முகத்தில் ஏதோ ஒரு தெம்பு இருந்தது. பெரியநாயகி மண்வெட்டியைக் கடைச் சுவரில் சாத்திவிட்டு நின்றாள். கொல்லையில் இருந்து நேராக வந்திருந்தாள். ஆறு மணிக்குத்தான் மோட்டார் ஓட மூணு பேஸ் கரண்ட் வரும். வந்தால் நிற்கும்வரை ஓட்டிவிட வேண்டும்.

சின்னராசு விரலால் திரையை இழுத்துக்கொண்டே இருந்தான். நெட் சுற்றியது.

"அந்தப் போனுக்கு நீதான ரீசார்ஜ் பண்ணணும், அதுவும் கடனா?" என்றான் பச்சமுத்து.

"இருய்யா, வந்துடுச்சு." சின்னராசு தொண்டையைச் செருமினான். "முந்நூத்தி தொண்ணூத்தி ஒம்பது. நானூறு ஒடஞ்சிடுச்சு."

கூட்டம் ஓவென்று கத்தியது. அது துக்கமா, சந்தோஷமா என்று கத்தியவர்களுக்கே தெரியாது. குஞ்சம்மாள் பாலைப் பொங்க விட்டுவிட்டாள். பெரியநாயகி மண்வெட்டியை எடுத்தாள்.

"அத்த அங்கியே வை," என்றார் நாராயணசாமி.

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கள்ளக்குறிச்சியில் ஆடிட்டரிடம் வேலை பார்க்கும் அவருடைய மச்சினன் மகன் இப்போதுதான் அனுப்பியிருந்தான். ரிசர்வ் பேங்க் போட்ட அட்டவணை. அதில் டாலருக்கு ஒரு பத்தி, அதன் பக்கத்தில் ரூபாய்க்கு ஒரு பத்தி.

"சின்னராசு, இத்தப் படி. டாலர வுடு. ரூபா இன்னா சொல்லுது?"

சின்னராசு வாங்கிப் பார்த்தான். மறுபடி பார்த்தான். "ஏறிக்கிதுங்க," என்றான் மெதுவாக.

"சத்தமா சொல்லு."

"ரூபாயில ஏறிக்கிது."

"கேட்டுக்குங்க," என்று நாராயணசாமி கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "நாம இன்னா அமெரிக்காவுலயா கீறோம்? கெணறு இந்தியாவுல கீது. கரும்பு இந்தியாவுல கீது. காந்தி படம் போட்ட நோட்டுல எண்ணுனா ஏறிக்கிது. அன்னிக்கி ஒத்துக்கினது இன்னா? கையிருப்பு ஏறுனா எனக்குன்னு. டாலர்லன்னு எவனாவது சொன்னானா?"

யாரும் சொல்லவில்லை. அதுதான் சிக்கல். சின்னராசு வாராவாரம் செய்தியில் வந்ததைப் படித்தான், செய்தியில் டாலர் வந்தது. ரூபாய்ப் பத்தி ஒன்று இருப்பதை அவனே சொல்லியிருக்க வேண்டும். ஒரே பணம் ஒரே நாளில் ஏறவும் இறங்கவும் செய்யும் என்று அந்த டீக்கடையில் யாருக்குத் தோன்றும்?

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. "ரூபாதான் நம்முது" என்றார்கள் சிலர். "ஆட்டம் தொடங்குனப்பறம் ரூல மாத்துவியா?" என்றான் பச்சமுத்து. லாரிக்காரன் ரூபாய்க் கட்சி. மலைக்காரர்கள் டாலர் கட்சி. நாராயணசாமி இன்னும் ஒரு படி போனார்.

"ரூபாயில பாத்தா போன வாரமும் எனக்குத்தான். அதுக்கு முன்னாடி நீ எடுத்த வாரமும் எனக்குத்தான். அதெல்லாம் நான் கேக்கல. பெரிய மனசு பண்ணி வுட்டுட்டேன். இன்னிக்கித் தண்ணிய மட்டும் குடு."

பூவில் ஏமாற்றினால் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டலாம். இதில் எதைப் பிரிப்பது? தலைக்குமேல் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. கொல்லையில் நுனி மஞ்சளான வெங்காயம் மட்டும் அவளுக்குத் தெரிந்தது.

"சின்னராசு, நீ சொல்லு," என்றாள். "நீதான இழுத்து வுட்ட?"

சின்னராசு இரண்டு போனையும் மாறி மாறிப் பார்த்தான். காரணம் அவனுக்குத் தெரியும். சொன்னால் நாராயணசாமி தன் வாதத்தை விட்டுவிடுவாரா என்பதுதான் தெரியாது. அவன் வாயைத் திறப்பதற்குள் அவன் கையிலேயே நாராயணசாமியின் போன் அடித்தது.

ஆண்டாள். நாராயணசாமி பிடுங்கி அழுத்தினார். அந்தப் போனில் காது வைத்துக் கேட்கும் ஸ்பீக்கர் போய் ஒரு வருஷம் ஆகிறது. எல்லோரும் கேட்கத்தான் பேச முடியும்.

"எங்க கீற?" என்றாள் ஆண்டாள்.

"வேலையா கீறேன். வை."

"வைக்காத. பேங்க்குல இருந்து வந்துட்டேன். மவன் குவைத்துல இருந்து அனுப்புனது போன மாசத்தவிட ஜாஸ்தியா வந்துக்கிது. சம்பளம் ஏத்திட்டானுங்களா? எனக்கு ஏன் சொல்லல நீ?"

"ஏத்தல. வை."

"பொய் சொல்ற. பாஸ்புக்கு கையில கீது. ஏறாமயா ஜாஸ்தியா வரும்? அப்பனும் மவனும் சேந்துக்கினு எங்கிட்ட மறைக்கிறீங்க. தொண்ணூத்தி ஒண்ணுல செயின எடுத்துக்கினு போனப்பவும் இப்பிடித்தான்..."

நாராயணசாமியின் கழுத்து நரம்பு புடைத்தது. இருபத்தேழு வருஷத்துச் செயின் ஊர் முன்னால் வெளியே வந்துவிட்ட ஆத்திரத்தில் அவர் கத்தினார்:

"அறிவு கெட்டவளே, சம்பளம் ஏறல. அதே தினார்தான். ரூபா படுத்துக்கிச்சு. ரூபா படுத்தா ஜாஸ்தியாத்தான் தெரியும். அது ஏத்தம் இல்லடி."

கத்தி முடித்த பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது.

பச்சமுத்து முதலில் சிரித்தான். பிறகு லாரிக்காரன், பிறகு எல்லோரும். குஞ்சம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள். போனில் ஆண்டாள், "யாரு சிரிக்கிறது? யார்யா அது சிரிக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அண்ணி, நீங்க வைங்க," என்றான் பச்சமுத்து போனைப் பார்த்து. "தீர்ப்பு ஆயிடுச்சு."

பெரியநாயகி அங்கே இல்லை. 'அது ஏத்தம் இல்லடி' என்றதுமே மண்வெட்டியோடு சாலையில் இறங்கிவிட்டாள். பச்சமுத்து யாருடையதோ ஒரு டிவிஎஸ் ஃபிப்டியை எடுத்துக்கொண்டு ஓடி, அவளைப் பின்னால் ஏற்றினான். அதைப் பார்த்ததும் நாராயணசாமி தன் பைக்கை உதைத்தார். பெட்ரோலை எரிக்காதே என்று ஊரெல்லாம் சொன்ன மனுஷன் அன்று பைக்கை முறுக்கிய முறுக்கில் வாய்க்கால் பாலத்தில் ஆடுகள் சிதறின.

"ஏறு, ஏறு, வந்துட்டாரு," என்று கூட்டம் சாலையில் ஓடியது. யாரிடம் எதை ஏறச் சொல்கிறார்கள் என்று தெரியவில்லை. இரண்டு பேர் சைக்கிளில் துரத்தினார்கள்.

டிவிஎஸ் ஃபிப்டி பெரியநாயகியையும் மண்வெட்டியையும் தாங்காமல் இருமியது. கொல்லைப் பாதை திரும்பும் இடத்தில் நாராயணசாமி அவர்களைக் கடந்து போனார். அவர் வேட்டி கொடி மாதிரி அடித்தது. பெரியநாயகி வண்டி நிற்கும் முன்பே குதித்து, குறுக்கே வரப்பில் ஓடினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது மோட்டார் கொட்டகை திறந்திருந்தது. நாராயணசாமி உள்ளே ஸ்டார்ட்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. கரண்ட் வந்துவிட்டது.

அவர் பச்சைப் பொத்தானை அழுத்தினார். மோட்டார் உறுமியது. குழாய் இரண்டு தடவை காறி, பிறகு தடித்த தண்ணீரைத் தொட்டியில் கொட்டியது.

தொட்டிக்கு இரண்டு வாய். வலது வாய் கரும்புக்கு, இடது வாய் வெங்காயத்துக்கு. இரண்டிலும் மண் வைத்து அடைத்திருந்தது. தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. நாராயணசாமி வெளியே வந்து வலது வாய்ப் பக்கம் நின்றார். பெரியநாயகி எதிரில் நின்றாள். இருவருக்கும் மூச்சு இரைத்தது. பச்சமுத்துவும் சைக்கிள்காரர்களும் வரப்பிலேயே நின்றுவிட்டார்கள்.

அவர் காலால் ஒரு தட்டுத் தட்டினால் போதும், மண் கரைந்து தண்ணீர் கரும்புக்கு ஓடிவிடும். பெரியநாயகி மண்வெட்டியைத் தூக்கினாள். அவர் காலைப் பார்த்தாள். கால் அசையவில்லை. ஒரே வெட்டில் இடது வாயைத் திறந்தாள். தண்ணீர் நுரைத்துக்கொண்டு வாய்க்காலில் பாய்ந்தது.

நாராயணசாமி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விட்டுக்கொடுத்தாரா என்றால் இல்லை. அத்தனை பேர் முன்னால் அது ஏற்றம் இல்லை என்று தன் வாயாலேயே சொல்லிவிட்ட மனுஷன். அதை விழுங்கிவிட்டு நாளைக்கு அதே டீக்கடையில் எப்படி உட்கார்வது?

"கரும்பு காயுது நாயகி," என்றார்.

"கரும்பு தாங்கும் அண்ணே. வெங்காயம் தாங்காது."

அவள் வாய்க்காலோடு இறங்கிப் போய் மஞ்சள் பாத்திகளுக்கு மடை திருப்பினாள். வெடிப்புகளுக்குள் தண்ணீர் குமிழ் விட்டு இறங்கியது. ஒரு பாத்தி நிறைந்ததும் அடைத்து அடுத்ததைத் திறந்தாள். அவர் பின்னாலேயே வந்தார். போகச் சொல்லவும் அவளுக்குத் தோன்றவில்லை.

"அடுத்த வெள்ளி டாலரா ரூபாயா, முதல்லயே பேசிக்கணும்," என்றார்.

"எனக்கு அடுத்த வெள்ளி வேணாம். இதான் வெங்காயத்துக்குக் கடைசித் தண்ணி. இனிமே காயப்போட்டுப் புடுங்கணும். ஏறுனாலும் எறங்குனாலும் நீயே எடுத்துக்க."

அவர் நின்றுவிட்டார். மகிழ்ச்சிப்பட வேண்டிய செய்தி. ஆனால் முகம் சுருங்கியது.

"சும்மா குடுத்தா எனக்கு வேணாம்."

"அப்ப கரும்பு காயட்டும்."

"வெள்ளிக்கிழம அஞ்சு மணிக்கு வந்து நில்லு. ஏறட்டும், எடுத்துக்கறேன்."

"எனக்கு எதுக்குப் பொழப்பு கெட்டு? நீயும் சின்னராசும் பாத்துக்குங்க."

"எதிர்ல நிக்கிறதுக்கு ஆளு வேணாமா?"

பெரியநாயகி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் விளையாடவில்லை, நிஜமாகத்தான் கேட்டார். இன்னும் ஒரு பாத்தி பாக்கி இருந்தது. குழாயில் தண்ணீர் மெலிய ஆரம்பித்து, சத்தம் மாறிக் கேட்டது.

"வரேன், வரேன்," என்றாள். "இப்ப நகரு அண்ணே. மடைய மிதிச்சிக்கினு நிக்கிற."